புகழேந்தியின் முப்பதாயிரம் அடி

உட்கார்ந்த இடத்திலிருந்தே நாற்பது பேரை ஓட வைப்பதில் புகழேந்திக்கு இருபது வருஷ அனுபவம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். மணிக்கு ஒரு தடவை போர்டில் எண்ணிக்கை எழுத வேண்டும். அதற்குக்கூட எழுந்திருக்க மாட்டார். போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைக்கச் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்து ஒரு டாக்டர், "தினமும் எட்டாயிரம் அடி நடக்கணும்" என்று சொன்னால் எவ்வளவு பெரிய அநியாயம், நீங்களே சொல்லுங்கள்.

சர்க்கரை. பேப்பரில் நம்பரைப் பார்த்த டாக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அப்போதும் அதே நம்பர்தான். மாத்திரை எழுதி, நடக்கச் சொன்னதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. பிரியாணியையும் குறைக்கச் சொன்னார். ஆம்பூரில் குடியிருக்கிற ஆளிடம். பஸ் ஊருக்குள் திரும்பும்போதே மூக்கு சாப்பிட ஆரம்பித்துவிடுகிற ஊர் இது.

வீட்டுக்கு வந்ததும் மேகலா ஒப்பந்தம் போட்டாள். மேகலா அவர் மனைவி. கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோலை மூட்டையாக வாங்கிவந்து வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கிறவள். தையலும் பேச்சும் அவளுக்கு ஒரே மாதிரி. ஊசி இறங்குவது தெரியாது. இழுத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் தெரியும்.

"தினம் எட்டாயிரம் அடிங்க. ஆறு நாளும் கணக்கு சரியா இருந்தா ஞாயித்துக்கிழமை ஒரு பிளேட் மட்டன் பிரியாணி. ஒரு நாள் கம்மியானாலும் கேவுரு களி."

"அடிய யாரு எண்றது? கூடவே நீ வரப் போறியா?"

"நான் எதுக்கு? பொண்ணு சென்னையிலேருந்து அனுப்பிச்சிருக்கா பாருங்க. வாட்சு மாதிரி கையில கட்டிக்கிற பட்டை. டைம் காட்டும். அப்படியே நீங்க நடக்கறத எண்ணி எம் போனுக்கு அனுப்பிடும்."

"பெத்த பொண்ணே வேவு பாக்கறாளா?"

"பாசங்க. அப்புறம் இன்னொண்ணு. நீங்க காலையில நடக்கப் போற நேரத்துல ஸ்கூட்டரு சும்மாதான நிக்குது. எனக்குக் கத்துக் குடுங்களேன். மூட்டையத் தூக்கிக்கிட்டு ஷேர் ஆட்டோவுல போனா பாதி ஒடம்பு வெளியதான் தொங்குது."

புகழேந்தி சிரித்தார். கம்பெனியில் லீவு கேட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

"ஸ்கூட்டர் ஓட்டறதுன்னா ஊசியில நூல் கோக்கறதுன்னு நெனச்சியா? அதுக்கு பேலன்ஸ் வேணும் மேகலா, பேலன்ஸ்."

தன் தொப்பையைச் சுமந்துகொண்டு நிற்கிறவருக்கு பேலன்ஸைப் பற்றித் தெரியாமலா இருக்கும். மேகலா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் வாரம் இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டிப் பார்த்தார். பட்டை விவரமானது, கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் களி உருண்டையாக உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு வாஹித் பாஷா வீட்டில் சரியாக அந்த நேரம் பார்த்து பிரியாணி தம்மை உடைத்தார்கள். வாசனை சுவர் ஏறிக் குதித்து வந்தது. அன்றைக்குத்தான் புகழேந்தி உறுதி எடுத்தார்: உயிரே போனாலும் அடுத்த ஞாயிறு பிரியாணியை விடுவதில்லை. நடப்பது என்று உறுதி எடுத்தாரா என்று கேட்காதீர்கள்.

வழி பாஷா வீட்டிலிருந்தே வந்தது.

வாஹித் பாஷா தோல் மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர் பையன் துபாய்க்குப் போகும்போது தன் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். பேர் ராக்கெட். கறுப்பும் வெள்ளையுமாகப் புசுபுசு முடி. எங்கேயோ குளிர் தேசத்தில் மந்தை மேய்க்கிற ஜாதி. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓட விடாவிட்டால் தானாகவே ஏதாவது வேலை தேடிக்கொள்ளும். பாஷா வீட்டுக்காரம்மா ஷஹீன் பானுவின் ஆறு கோழிகளையும் சோபாவுக்குப் பின்னால் வரிசையாக உட்கார வைத்தது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஐந்து பேரை ஒரே மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், டீ வரும்வரை அங்கேயே நிறுத்தி வைத்தது.

"பேஜாரா போச்சு புகழு," என்றார் பாஷா, முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "இத ஓட வைக்கணுமாம். என்னால பாத்ரூமுக்கே ஓட முடியல."

புகழேந்தி ராக்கெட்டின் நாலு காலையும் பார்த்தார். தன் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். கட்டிங்கில் தோலைப் பார்த்ததுமே எத்தனை ஜோடி வரும் என்று சொல்லிவிடுகிறவர் அவர்.

"குடுங்க பாய். தெனம் காலையில பாலாத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"நெஜமாவா? உனக்கு எவ்ளோ பெரிய மனசு புகழு."

தனக்குப் பெரிய மனசு என்பதை புகழேந்தி மறுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பாலாற்றுக்குப் போனார்கள். ஆறு என்றால் மணல், சீமைக் கருவேலம், அங்கங்கே கொஞ்சம் ஈரம். வீட்டிலிருந்து முந்நூறு அடி. அந்த முந்நூறையும் புகழேந்தியே நடந்தார். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பட்டையைக் கழற்றி ராக்கெட்டின் முன்னங்காலில் இரண்டு சுற்றாகக் கட்டினார். கரையில் வேப்பமரத்தடியில் ஒரு கல் இருந்தது. அதில் உட்கார்ந்து பந்தை வீசினார்.

ராக்கெட் பறந்தது. பந்தைக் கவ்விக்கொண்டு வந்து மடியில் போட்டது. திரும்பவும் வீசினார். திரும்பவும் மடியில். நாற்பதாவது வீச்சில் புகழேந்திக்குத் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. நாய்க்கு அப்போதுதான் உடம்பு சூடாகியிருந்தது. எண்ணிக்கை பதினோராயிரம். கம்பெனியில் இப்படி ஒரு ஆள் கிடைத்தால் மற்ற முப்பத்தொன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

தோளுக்கு வேலை வைக்காத விளையாட்டாகத் தேடினார். பிளாஸ்டிக் டப்பா மூடியைச் சுழற்றி வீசினால் நாய் எகிறிப் பிடித்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாய் ஆகாயத்தில் இருக்கிற நேரத்துக்கு அடி ஏறவில்லை. ரத்து. பழைய சைக்கிள் டயரைக் கிளையில் கட்டித் தாண்ட விட்டார். அதற்கும் அதே குறை. ரத்து. கறிக் குழம்பில் நனைத்த தோல் துண்டுகளை மணலில் ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்க விட்டார். நாய்க்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஒளித்து வைக்க இவரல்லவா நடக்க வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவன் சரியான முட்டாள் என்று திட்டினார். கண்டுபிடித்தவர் இவர்தான்.

கடைசியில் கோவிந்தசாமி வந்தார். ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்து ஆற்றில் மேய்க்கிறவர். அறுபது ஆடு. ஆடுகளைப் பார்த்ததும் ராக்கெட் தரையோடு தரையாகப் படுத்தது. கண் மட்டும் மின்னியது. பிறகு எழுந்து வட்டம் போட்டது பாருங்கள், ஐந்தே நிமிஷத்தில் சிதறிக் கிடந்த அறுபதும் ஒரே கட்டாக வந்து நின்றன. எங்கே நின்றன என்றால், புகழேந்தியைச் சுற்றி. மடியில் புழுக்கை.

"கடிக்கல, குலைக்கல, சும்மா சுத்தி வருது சார்," என்று கோவிந்தசாமி வாயைப் பிளந்தார். "அந்தப் பெரிய கெடாவப் பாருங்க."

மந்தையில் ஒரு கொழுத்த கிடா இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தால் போதும், நைசாக ஒதுங்கி நிழலில் படுத்துவிடும். அது நழுவியதை ராக்கெட் பார்த்துவிட்டது. ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தது. ஒன்றும் செய்யவில்லை. கண்ணைப் பார்த்தது, அவ்வளவுதான். கிடா இடது பக்கம் திரும்பியது. நாய் அங்கே. வலது பக்கம் திரும்பியது. நாய் அங்கேயும். கடைசியில் கிடா பெருமூச்சு விட்டுவிட்டு மந்தையோடு சேர்ந்து நடந்தது.

"நாலு வருசமா நான் கெஞ்சியும் நடக்காத ஆளு சார் அது."

புகழேந்தி தொப்பை குலுங்கச் சிரித்தார். "சோம்பேறிப் பசங்களுக்கு இப்படி ஒரு சூப்பர்வைசர் இருந்தாதான் சரிப்படும் கோவிந்தசாமி."

அன்றைய எண்ணிக்கை முப்பத்தோராயிரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வந்தது. கத்திரிக்காய்த் தொக்கோடு, வெங்காயப் பச்சடியோடு. மேகலாவே பரிமாறினாள்.

"முப்பத்தோராயிரம் நடந்த காலுங்க. வலிக்கலையா?"

"பழக்கம் ஆய்டுச்சு."

"தைலம் தேய்க்கட்டுமா?"

"தோளுக்குத் தேயி," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கைய வீசி நடக்கறேன்ல, அதான்."

"ஓ. வீசி நடக்கறீங்க," என்றாள் மேகலா.

இப்படியே வாரங்கள் ஓடின. அதாவது ராக்கெட் ஓடியது. ஒரு வியாழக்கிழமை காலை பட்டையைக் கழற்ற மறந்து நாயை பாஷா வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டில் சட்டமாக உட்கார்ந்து டீ குடித்தார். எதிரே மேகலா மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் போன். பக்கத்து வீட்டில் கோழிகள் கத்துகிற சத்தம் கேட்டது. மேகலா போனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். திரும்பப் போனைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அப்படிப் பாக்கற?"

"ஒண்ணும் இல்லீங்க. நூலு சிக்கிச்சு. எடுத்துட்டேன்."

புகழேந்தி இன்னொரு டீ கேட்டார். கிடைத்தது.

அந்த நாட்களில் அவரைக் கொஞ்சம் குடைந்தது ஒரே விஷயம்தான். ஸ்கூட்டரில் பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியும் தினமும் யாரோ திருப்பி வைத்த மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எவனோ பெட்ரோல் திருடுகிறான் என்று முடிவு கட்டி, பெட்ரோல் மூடிக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். சாவியை வீட்டில் ஆணியில் மாட்டினார். திருடன் கைக்கு எட்டாமல், மேகலா கைக்கு எட்டுகிற ஆணியில்.

ஒருநாள் சாயந்திரம் கம்பெனியிலிருந்து வீரத்தோடு வந்தார்.

"இன்னிக்கு ரெண்டு பேர புடிச்சேன் மேகலா. ஷோயப்புன்னு ஒருத்தன். ஓவர்டைமுக்கு வராமலே, நவீத்துகிட்ட அட்டெண்டன்ஸ் கார்டக் குடுத்துத் தேய்க்கச் சொல்லிட்டு வீட்ல படுத்துக்கறான். நவீத்து ரெண்டு பேரு வேலையையும் செய்யறான். எங்கிட்டயே ஏமாத்து வேலையா?"

"அடப்பாவமே. இப்படியெல்லாம்கூடவா ஊர்ல நடக்குது?" மேகலா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இன்னா பண்ணீங்க?"

"மேனேஜரு என்னையே தீர்ப்பு சொல்லச் சொல்லிட்டாரு. ஓவர்டைமுக்குக் குடுக்கற பிரியாணி கூப்பன் ரெண்டும் நவீத்துக்கு. உழைச்சவன்தான் திங்கணும். ஷோயப்புக்கு ஒரு மாசம் கம்பெனி வண்டி கட். நடந்து வரட்டும்னுட்டேன்."

"ரொம்ப நியாயங்க. இந்தத் தீர்ப்ப மாத்த மாட்டீங்களே?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

மேகலா நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

முதல் பரிசோதனைக்கு இரண்டு மாசம் கழித்து டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனைப் பேப்பரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"போன தடவைய விட ஜாஸ்தியா இருக்கே. நடக்கறதே இல்லையா?"

மேகலா போனை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டர் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முப்பதாயிரம். முப்பத்தோராயிரம். இருபத்தொன்பதாயிரம்.

"தெனமுமா?"

"தெனமும்தான் டாக்டர்," என்றார் புகழேந்தி. குரலில் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

"அப்போ இது வேற கேஸு. இவ்ளோ நடந்தும் ஏறுதுன்னா மாத்திரை கேக்கலன்னு அர்த்தம். ஊசிக்குப் போயிடலாம். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. வயித்துல."

"வயித்துலயா?"

"நீங்களே போட்டுக்கலாம். இல்லன்னா வீட்ல போட்டு விடுவாங்க."

"எனக்கு ஊசியெல்லாம் நல்லாவே பழக்கம் டாக்டர்," என்றாள் மேகலா. "தடிச்ச தோல்லயே இறக்கிடுவேன்."

புகழேந்தி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த வயிறு. ஒரு பக்கம் பிரியாணி. ஒரு பக்கம் நாளுக்கு இரண்டு ஊசி. பேனாவை எடுத்து டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், ஒரு நிமிசம். அந்தக் கணக்குல... கொஞ்சம் நாயும் இருக்கு."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "எவ்ளோ நாய்?"

"முப்பதாயிரம் நாய்."

"நீங்க எவ்ளோ?"

"போக முந்நூறு. வர முந்நூறு."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் ஒரு மாசம் தருகிறேன், இந்தத் தடவை நாயை விட்டுவிட்டு நடங்கள் என்றார். மேகலா ரொம்ப அடக்கமாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஆகியும் அவள் திட்டவில்லை. புகழேந்தியே கேட்டார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கு வியாழக்கெழம, எதிர்ல ஒக்காந்து டீ குடிக்கறப்பவே நானூறு அடி நடந்தீங்களே, அன்னிக்குதாங்க."

"அது ஆய்டுச்சே ஒரு மாசம். அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நாய விட்டுட்டு வீட்லயே படுத்திருப்பீங்க. எனக்குக் காலையில ஒரு மணி நேரம் வேண்டியிருந்துச்சு." மேகலா அலமாரியைத் திறந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். அவள் போட்டோ போட்ட லைசென்ஸ். "நீங்க பாலாத்துல பேலன்சா ஒக்காந்திருந்தப்போ பாஷா வீட்டு பானு அக்கா மைதானத்துல எனக்கு ஸ்கூட்டர் கத்துக் குடுத்தாங்க. உங்களால எட்டாயிரம் போட முடியல. நான் போன வாரம் ஆர்.டி.ஓ. ஆபீசுல எட்டு போட்டுட்டேன்."

பெட்ரோல் திருடன் அகப்பட்டுவிட்டான். புகழேந்திக்குச் சந்தோஷமே வரவில்லை.

"சரி மேகலா. தப்புதான். இனிமே ஸ்கூட்டர நீயும் எடுத்துக்க, நானும் எடுத்துக்கறேன்."

"அது எப்படிங்க? ஒருத்தருக்காக இன்னொருத்தர் கார்டு தேய்ச்சா இன்னா தீர்ப்பு? கம்பெனிக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணா?"

புகழேந்தி ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"ஒரு மாசம் வண்டி கட்," என்றாள் மேகலா. "நீங்க சொன்னா சொன்னதுதான்."

பட்டை திரும்பக் கைக்கு வந்தது. இந்தத் தடவை ஷூ தைக்கிற மெழுகு நூலில், ஓரத்தை இரட்டைத் தையலாகப் போட்டு அவளே தைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளே பிரிப்பாளாம், சார்ஜ் போடுவாளாம், அவளே தைப்பாளாம். அவள் தைத்த ஷூ எந்தெந்த நாட்டுக்கோ போயிருக்கிறது. எங்கேயும் பிரிந்ததாகப் புகார் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாஷா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, கூடவே ராக்கெட்டும் வந்தது. மேகலா தனக்குப் போட்டுக்கொண்டாள். இன்னொரு தட்டில், உப்பு காரம் போடாமல் தனியாக வேகவைத்த மட்டன். அதை ராக்கெட்டின் முன்னால் வைத்தாள்.

"உழைச்சவன்தாங்க திங்கணும்."

ராக்கெட் தின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் தலையைத் தூக்கி, களி உருண்டையோடு உட்கார்ந்திருந்த புகழேந்தியை ஒரு தடவை பார்த்துக்கொண்டது. எங்கேயும் நழுவிவிடக் கூடாதே.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மேகலா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, மூட்டையைக் கால் பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கிளம்பினாள். புகழேந்தியும் ராக்கெட்டும் நடந்தார்கள். கம்பெனி மூன்று கிலோமீட்டர்.

தெருமுனை தாண்டியதும் ஷேர் ஆட்டோ வந்தது. புகழேந்தி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு நைசாக ஒதுங்கினார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனால் படியில் ராக்கெட் உட்கார்ந்திருந்தது. ஒன்றும் செய்யவில்லை. கண்ணைப் பார்த்தது. புகழேந்தி அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார். நாய் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது. உள்ளே இருந்தவர்களில் நாலு பேர் அவர் செக்‌ஷன் பெண்கள்.

"சார், நேரமாவுது. நீங்க நடந்தே வாங்க," என்று அதில் ஒருத்தி சொன்னாள். ஆட்டோ போய்விட்டது. புகழேந்தி பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சை வேறு எங்கேயோ கேட்ட ஞாபகம் வந்தது.

கம்பெனி கேட்டை அடைந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு மேகலா எதிரே ஸ்கூட்டரில் வந்து நின்றாள். கால் வைக்கிற இடம் காலியாக இருந்தது. ராக்கெட் ஒரே தாவலில் ஏறி நின்றுகொண்டது.

"இது வண்டியில போவுதே. சாயந்திரம் நான் எப்படி வர்றது?" என்று கேட்டார் புகழேந்தி.

மேகலா வண்டியைத் திருப்பினாள்.

"கவலப்படாதீங்க. அஞ்சரைக்கு ராக்கெட்ட அனுப்பி வைக்கிறேன். அது வர்ற வரைக்கும் கேட்ட விட்டுத் தனியா எங்கயும் மேயாதீங்க."